வால் சக்கரமும் சம்பந்தியின் பல்செட்டும்

ஒரு விரலைக்கூட அசைக்காமல், எட்ட நின்றபடியே, என் சம்பந்தியின் பல்செட்டைக் கழற்றிப் புல்தரையில் உருளவிட்டவன் நான். பல் டாக்டர்கள் கேள்விப்பட்டால் கடையைக் கட்டிவிடுவார்கள். நான் உபயோகித்த கருவி ஒரு பழைய இரண்டு சீட்டு விமானம்.

விமானம் எனக்கும் என் மனைவியின் தம்பிக்கும் பொது. ஓட்டும் உரிமம் அவனிடம். பேசும் உரிமம் என்னிடம். பஸ் டிப்போவில் டயரோடு டயராகக் கிடந்து ஓய்வு பெற்றவன் ஆகையால், வாலடியில் இருக்கும் குட்டிச் சக்கரம் தேய்ந்தபோது அது என் இலாகா என்று அறிவித்துவிட்டேன்.

"கெட்டி ரப்பர் சக்கரமே போதும் அத்தான். எடை கம்மி, பஞ்சர் தொல்லையும் இல்ல."

"டயர்காரன் வண்டிக்குக் காத்தில்லாத சக்கரமா? பாக்கிறவன் சிரிப்பான் மச்சான்."

காற்றடைத்ததே வந்தது. அதோடு புது ஸ்பிரிங் பட்டைகளும். சக்கரம் திரும்புவதற்கு ஒரு முளை உண்டு. அதன் தலை கொஞ்சம் பின்பக்கமாகச் சாய்ந்திருக்க வேண்டும். முன்பக்கம் சாய்ந்தால் சக்கரம் வெடவெடக்கும். நான் வாலைத் தூக்கி முட்டுக்கட்டையில் வைத்து, மட்டம் பிடித்து, மயிரிழை பிசகாமல் சாய்த்தேன். மைத்துனன் தனியாக முன்சீட்டில் உட்கார்ந்து ஓட்டிப் பார்த்தான். வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. அன்று மாலைக்குள் தெருவில் எனக்குத் தெரிந்தவர், தெரியாதவர் எல்லோருக்கும் விஷயம் போய்விட்டது.

பெருமை அடங்காமல் சம்பந்தியை அழைத்தேன். இஸ்திரி மடிப்புக் கலையாத மனிதர். சிரிப்பதைக்கூட யோசித்துச் சிரிப்பவர். மைத்துனன் முன்சீட்டில் உட்கார, அவரைப் பின்சீட்டில் ஏற்றினேன். பக்கக் கதவு திறந்தே இருந்தது. விமானம் வேகம் எடுத்ததுதான் தாமதம், வால் ஆடியது பாருங்கள், நனைந்த நாய் உதறுமே, அப்படி! பக்கத்து ஷெட் தகரமெல்லாம் தாளம் போட்டது. கதவு வழியே வெள்ளையாக ஏதோ பறந்து புல்லில் விழுந்தது. ஓடிப்போய் எடுத்தேன். பல்செட்.

விமானம் நின்றது. சம்பந்தி கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு இறங்கினார். சத்தமில்லாமல் அவர் கையில் வைத்தேன். அதோடு விட்டிருக்கலாம்.

"அது காலா, உலக்கையா? வாலைத் திருப்புற பெடலை அந்த மிதி மிதிச்சா எந்தச் சக்கரம்டா தாங்கும்?" என்று சம்பந்தி எதிரிலேயே மைத்துனனைப் பார்த்துக் கத்தினேன்.

அவன் சாவியை இறக்கைமேல் வைத்தான். "நீங்களே ஓட்டிக்குங்க அத்தான்," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

போனவன் வரவில்லை. போனை எடுக்கவில்லை. சிறகு முளைத்த அலமாரியாக விமானம் ஷெட்டில் நின்றது. பல்செட் கதையை நான் பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னேன். சம்பந்தி ஒரே போடாகப் போட்டார்: "என் பல்லு என் வாய்லதான் இருந்துச்சு. அவர் அளக்கிறது புதுசா?" எல்லோரும் அவர் பக்கம்.

ஒருநாள் என் மனைவி ஷெட்டுக்கு வந்தாள். நேராகப் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

"என் தம்பி வர்ற வரைக்கும் இறங்க மாட்டேன்."

"உக்காரு, எனக்கென்ன," என்று வாலடியில் குந்தித் துடைக்கத் தொடங்கினேன். துடைத்த கை நின்றுவிட்டது. மயிரிழை பிசகாமல் பின்னால் சாய்த்த முளை, முன்னால் சாய்ந்து நின்றது. அவள் எடைக்கு ஸ்பிரிங் பட்டைகள் தட்டையாகப் படுத்துவிட்டன. விமானத்தில் ஆள் உட்காருவார்கள் என்பதையே மறந்து, வாலை அந்தரத்தில் வைத்து அளந்த மேதை நான். டிப்போவில் ஒருவன் ஆள் ஏற்றாத பஸ்ஸை வைத்து ஸ்பிரிங்குக்குச் சான்று சொல்லியிருந்தால் அவன் காதைத் திருகியிருப்பேன்.

"என்ன, பேச்சையே காணோம்?" என்றாள் மேலிருந்து.

சொன்னேன். என் காது சூடேறியது அவளுக்குத் தெரியாமலிருக்கத் தலையை வாலுக்கடியிலேயே வைத்துக்கொண்டு சொன்னேன்.

"சம்பந்தி முன்னாடி திட்டினீங்கல்ல? அவர் முன்னாடியே போய்ச் சொல்லுங்க."

சம்பந்தியையும் கூட்டிக்கொண்டு மைத்துனன் வீட்டுக்குப் போனோம். அவன் நாற்காலி போட்டான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"உன் கால்ல தப்பில்ல மச்சான். நான்தான் ஆள் ஏத்தாம அளந்துட்டேன். பட்டைக்கு வளைவு பத்தல. என் தப்பு."

அவன் சிரித்தான். நல்ல சிரிப்பு இல்லை.

"அக்கா சொல்லச் சொன்னாளா? நீங்களாவது, தப்ப ஒத்துக்கிறதாவது! பல்லு பறந்த கதை மாதிரி இதுவும் ஒண்ணு. என்னைச் சமாதானம் பண்ண ஒரு கதை. நான் முன்னாடிதானே உக்காந்திருந்தேன், ஒரு பல்லையும் காணலையே?"

ஆயுளில் ஒரே ஒரு உண்மையைக் கொண்டுவந்தேன், வாங்க ஆளில்லை. என் மனைவி தரையைப் பார்த்தாள். அவள் பார்த்த இடத்தையே நானும் பார்த்தேன்.

சம்பந்தி தொண்டையைச் செருமினார். சட்டைக் காலரைச் சரி செய்தார். மெதுவாகக் கையை வாயருகே கொண்டுபோய், மேல்வரிசையைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, பொக்கை வாயால் என் மைத்துனனிடம் சொன்னார்:

"நடந்துச்சு தம்பி. புல்லுல கெடந்துச்சு. இவர்தான் எடுத்துக் குடுத்தார்."