எட்டுச்செலவுப் படையல்

தம்பிராசா மடியிலிருந்து சாராயப் போத்தலை எடுத்துப் படையல் இலையின் ஓரத்தில் வைத்தபோது, தர்சினி பொரித்த மீனைப் பரிமாறிக்கொண்டிருந்தாள். எட்டுச்செலவு. சாவின் எட்டாம் நாள், செத்தவருக்குப் பிடித்ததையெல்லாம் படைக்கிற நாள். தம்பிக்கு எது பிடிக்கும் என்று அண்ணனுக்குத் தெரியாதா?

ஊருக்கே தெரியும். தர்சினியின் புருசன் கோபிசங்கர், இரண்டு வருடத்துக்கு முன் சாராய வெறியில் சின்னப் பட்டா லொறி ஓட்டி, நீர்வேலியில் ஒரு மனுசியின் காலை முறித்தவன். நீதிமன்றம் லைசென்சைப் பறித்து, ஆறு மாதம் மறுவாழ்வு நிலையத்துக்கு அனுப்பியது. திரும்பி வந்து பதினொரு மாதம் சைக்கிளில்தான் திரிந்தான். வியாழக்கிழமை தவறாமல் கிளினிக்குக்குப் போனான். எத்தனை நாளைக்கென்று பார்ப்போம் என்றது ஊர். தர்சினியும் அந்த ஊரில்தான் இருந்தாள்.

நிலையத்தில் குடும்பத்தாருக்கும் வகுப்பு வைத்தார்கள். மறுபடி குடித்துவிட்டு வந்தால் வாக்குவாதப்பட வேண்டாம் என்றார்கள். கதவைப் பூட்டச் சொல்லவில்லை. அது அவளாகச் சேர்த்துக்கொண்டது.

சாவுக்கு முந்தின பின்னேரம் அவன் வாசல் படலையடியில் சைக்கிளை விழுத்திவிட்டு, ஒரு காலை இழுத்து இழுத்து வந்தான். வாய் கோணியிருந்தது. கதை குழறியது. பதினொரு மாதமும் வீணாய்ப் போச்சே என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உள்ளே போய்க் கதவைப் பூட்டினாள். அவன் இரண்டு தரம் தட்டினான். பிறகு தட்டவில்லை.

விடிய, விறாந்தையில் விறைத்துக் கிடந்தான். தலைக்குள் நரம்பு வெடித்திருக்கிறது என்றார் டொக்டர். உடனே கொண்டுவந்திருந்தால் என்று தொடங்கியவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

வெறியில் விழுந்து செத்தான் என்று செத்தவீட்டிலேயே கதைத்தார்கள். அவள் மறுக்கவில்லை. மறுத்தால் கதவைப் பற்றியும் சொல்ல வேண்டும். அந்தப் பயத்தில் எட்டு நாளும் அவனைக் குடிகாரனாகவே விட்டுவைத்திருந்தாள்.

"போத்தலை எடுங்கோ அத்தான்."

"ஆசைப்பட்டதை வைக்காட்டி அவன்ரை ஆத்துமா அலையும், பிள்ளை. அண்டைக்கும் குடிச்சிட்டுத்தானே வந்தவன்."

"அவர் குடிக்கேல்லை."

"உமக்கு எப்பிடித் தெரியும்?"

"வாயை மணந்து பாத்தனான்." அவள் மீன் தட்டைக் கீழே வைத்தாள். "விடிஞ்சாப் பிறகுதான் பாத்தனான். அதுவரைக்கும் கதவைப் பூட்டி வைச்சிருந்தனான்."

குசினியில் பெண்களின் கதை நின்றது. தம்பிராசா அவளைப் பார்க்கவில்லை. போத்தலை எடுத்து, எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார்.

தர்சினி குனிந்து, வெறுமையான இலையோரத்துக்குச் சோற்றை இழுத்து நிரவினாள்.