டெகாபு வாங்கிய கடைசி அறுபது டாலர்

அப்பா செத்த அன்று ரீட்டே முதலில் செய்த காரியம், முகத்தைக் கழுவிக்கொண்டு போய் வரிசையில் நின்றதுதான்.

டெகாபு நாலு மாதமாகப் படுத்த படுக்கை. காலில் சர்க்கரைப் புண். வெள்ளிக்கிழமை விடியக் கொஞ்சம் முன்னால் இரண்டு தடவை மூச்சை இழுத்தார். மூன்றாவது வரவில்லை. ரீட்டே வாயைத் திறப்பதற்குள் அத்தை மரேட்டாவின் உள்ளங்கை வந்து பொத்திவிட்டது. அந்தக் கையில் மீன் வாடை அடித்தது.

"அழாத. இப்ப அழாதடி. இன்னிக்கு என்ன நாள்னு தெரியுமில்ல?"

தெரியும். முதியோர் பணம் கொடுக்கிற நாள். கூடப் பிறந்த அண்ணன் பாயில் விறைத்துக்கொண்டிருக்கும்போது அத்தைக்கு அது எப்படி ஞாபகம் வந்தது என்பதுதான் ரீட்டேக்குப் புரியவில்லை.

"இப்ப சத்தம் கேட்டா ஊரே இங்க வந்துடும். செத்தவன் பேருக்குக் காசு தரமாட்டாங்க. மூணு ராத்திரி கூட்டம் உக்காரும். அரிசி வேணும், சக்கரை வேணும், புகையிலை வேணும். எங்க போவேன் நான்?" அத்தை குரலைத் தாழ்த்தினாள். "நாலு மாசமா உங்கப்பனுக்கு நீதானே கையெழுத்துப் போட்டு வாங்குற? இன்னிக்கும் போய் வாங்கு. ஒரு மணி நேரம்தான். வந்து எவ்வளவு வேணா அழு. நானும் கூட அழறேன்."

ரீட்டேக்குப் பதினாறு வயது. அத்தை சொன்னால் கேட்டுத்தான் பழக்கம். போனாள்.

ஊர்ப் பொதுக்கூடமான மனியாபாவின் தாழ்ந்த கூரைக்கடியில் குனிந்து நுழைந்தபோது கிழவர்களும் கிழவிகளும் அவரவர் குடும்பத்துக்குரிய தூணடியில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் பாய் விரித்து, தகரப் பெட்டியும் நீல நோட்டுமாகத் தீவு மன்றத்து எழுத்தர் பௌரோ. மூக்கின் நுனியில் கண்ணாடி. ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டார்.

"டெகாபு!"

"நான் வாங்கிக்கறேன் மாமா."

பௌரோ கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார் என்று அவளுக்குப் பட்டது.

"எப்படி இருக்கான் கிழவன்?"

"தூங்கறார்."

"தூங்கட்டும். நல்லாத் தூங்கட்டும்."

அவள் கையெழுத்துப் போட்டாள். மூன்று இருபது டாலர் நோட்டுகள். கைக்குள் வைத்து நசுக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள். அதற்கப்புறம்தான் டெகாபுவின் வீட்டிலிருந்து அழுகைச் சத்தம் கிளம்பியது. அத்தைதான் எல்லோரையும்விட உரக்க அழுதாள்.

மூன்று ராத்திரிக் கூட்டமும் முடிந்து, வீட்டுக்குப் பக்கத்திலேயே அப்பாவைப் புதைத்து, மேலே வெள்ளைக் கூழாங்கல் பரப்பியாகிவிட்டது. ஆனால் "நல்லாத் தூங்கட்டும்" மட்டும் ரீட்டேயின் காதைவிட்டுப் போகவில்லை. சும்மா சொன்னாரா, தெரிந்து சொன்னாரா? தெரிந்தால் ஏன் பணம் கொடுத்தார்? பௌரோ ஒரு வார்த்தை எழுதினால் போலீஸ். போலீஸ் என்று வந்துவிட்டால் தலைநகர் தாராவாவில் கிடைத்திருக்கிற பள்ளிக்கூட இடம் போச்சு. ஜனவரியில் கப்பலேற வேண்டியவள் அவள். நோட்டில் இருப்பது அத்தையின் கையெழுத்து இல்லை, அவளுடையது.

ஒன்பதாம் நாள் பௌரோ வீட்டுக்கு வந்தார். தென்னம்பாளையில் இறக்கிய இனிப்புக் கள்ளைக் குடித்தார். ஏப்பம் விட்டார். அப்புறம் மெல்ல ஆரம்பித்தார்.

"ரீட்டே, நான் உன்கிட்ட புபூசி கேக்கறேன். உங்கப்பாவோட சைக்கிள்."

புபூசி என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டால் அப்புறம் பேச்சில்லை. கொடுத்துத்தான் ஆகவேண்டும். மறுத்தவள் பேர் மாலைக்குள் தீவின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நாறிவிடும். படகு கேட்பார்கள், பன்றி கேட்பார்கள், போட்டிருக்கிற சட்டையைக் கேட்பார்கள். பிறந்ததிலிருந்து பார்க்கிற சங்கதிதான். ஆனாலும் அன்றைக்கு அது அவளுக்கு வெறும் புபூசியாகப் படவில்லை.

"எடுத்துக்கோங்க மாமா," என்றாள்.

அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகும்போது திரும்பிப் பார்த்துச் சிரித்தார். அது எதற்கான சிரிப்பு?

அடுத்த வாரம் மறுபடி வந்தார். இந்தத் தடவை அப்பாவின் மீன் வலை. கொடுத்தாள். ஆக, இது விலை. வாயை மூடிக்கொண்டிருப்பதற்கு அவர் வாங்குகிற விலை. சைக்கிள் போச்சு, வலை போச்சு, அடுத்தது பன்றி. அதுவும் தீர்ந்தால்? அவள் கூரையில் செருகியிருக்கிற சாமான்களை ஒவ்வொன்றாகக் கண்ணால் எண்ணத் தொடங்கினாள்.

அதைவிட மோசமான ஒன்றை ஒரு மத்தியானம் பார்த்தாள். மன்றத்து அலுவலகத்துக்குப் பின்னால் அத்தையும் பௌரோவும் நின்றுகொண்டு குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தார்கள். அத்தை கையை ஆட்டி ஆட்டிப் பேச, பௌரோ தலையைக் குனிந்து மண்ணைக் காலால் கீறிக்கொண்டிருந்தார். ரீட்டேயைப் பார்த்ததும் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். வானத்தில் பஞ்சுத் துணுக்குகூட இல்லை.

வீட்டுக்கு வந்ததும் அத்தையின் பிஸ்கட் டின்னைத் திறந்து பார்த்தாள். பிங்கோ சீட்டுகளுக்கு அடியில் அப்பாவின் மஞ்சள் அட்டை. முதியோர் பணம் வாங்குகிற அட்டை. சாவைப் பதிவு செய்கிறேன், அட்டையை ஒப்படைக்கிறேன் என்று சொல்லித்தான் அத்தை அதை வாங்கிப் போயிருந்தாள்.

"என்னடி, திருடறியா?" வாசலில் அத்தை.

"இது ஏன் இன்னும் இங்க இருக்கு?"

"வேற எங்க இருக்கணும்? வெள்ளிக்கிழமை மறுபடி பணம் குடுக்கறாங்க. போய் வாங்கிட்டு வா."

"அப்பா செத்துட்டாரே அத்தை!"

"செத்தா என்ன, அவன் வயசு குறைஞ்சுடுச்சா?" அத்தை டின்னைப் பிடுங்கி மூடினாள். "பேரு இன்னும் இருக்கு. பௌரோகிட்ட பேசிட்டேன். இன்னும் மூணு மாசம் ஓட்டலாம்."

"எனக்குப் பயமா இருக்கு."

"பயமாம். ஜனவரில பள்ளிக்கூட பீஸ் யாரு கட்டுவா? உங்கப்பன் குழிலேருந்து எழுந்து வந்து கட்டுவானா? இல்ல, நான் பிங்கோல ஜெயிச்சுக் கட்டட்டுமா?"

"நீ என்னிக்கு ஜெயிச்சிருக்க?"

"வாய் மட்டும் நீளம். அந்த வாயை வெள்ளிக்கிழமை மூடிக்கிட்டுக் கையெழுத்துப் போடு, போதும்."

ரீட்டே வெளியே போய்ப் புதைமேட்டின் பக்கத்தில் உட்கார்ந்தாள். பீஸுக்கு என்று அத்தை சொல்வது நிஜமா, பிங்கோவுக்கா? இரண்டுக்குமாகவும் இருக்கலாம். அவளுக்காகத்தான் என்றால் இன்னும் பயமாக இருந்தது. தனக்காக ஒருத்தி திருடினால் அவளைக் காட்டிக்கொடுப்பது எப்படி? பௌரோவுக்கு இதில் எத்தனை பங்கு? மூன்று மாதம் கழித்துப் பிடிபட்டால் அவர்கள் இரண்டு பேரும் ஒரே விரலாக நீட்டப்போவது யாரை என்று மட்டும் அவளுக்குச் சந்தேகமில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது.

மனியாபாவில் அதே தூண்கள், அதே கிழவர்கள். அப்பாவின் இடத்தில் ரீட்டே போய் உட்கார்ந்தாள். அத்தை அவளுக்குப் பின்னால், முதுகில் மூச்சுப் படும் தூரத்தில். ரீட்டேயின் மடியில் மஞ்சள் அட்டை வியர்வையில் நனைந்துகொண்டிருந்தது. வெளியே தூணில் அப்பாவின் சைக்கிள் சாய்ந்திருந்தது. அதன் மணிக்குப் பௌரோ புதிதாகப் பாலீஷ் போட்டிருந்தார்.

பேர்கள் ஒவ்வொன்றாகப் போயின. பௌரோவின் விரல் நோட்டில் இறங்கிக்கொண்டே வந்தது. ஓரிடத்தில் நின்றது. அவர் தொண்டையைச் செருமினார்.

"டெகாபு."

இங்கே இருந்த அத்தனை பேரும் டெகாபுவைப் புதைத்த நாளில் வந்து சோறு தின்றவர்கள். ஒருத்தர்கூட ரீட்டேயைப் பார்க்கவில்லை. கூரையைப் பார்த்தார்கள், பாயைப் பார்த்தார்கள், அவரவர் கால் கட்டைவிரலைப் பார்த்தார்கள்.

அத்தை பின்னாலிருந்து குத்தினாள். "போடி."

ரீட்டே குனிந்தபடியே நடுப்பாய்க்குப் போனாள். பௌரோ பேனாவை நீட்டினார். அவள் அதை வாங்கவில்லை. அவர் நெற்றியில் வியர்வை. மிரட்டிப் பொருள் பிடுங்குகிறவனுக்கு ஏன் வியர்க்கிறது?

அந்தக் கணத்தில்தான் அவளுக்கு அது தோன்றியது. இந்தத் தீவில் எல்லோரும் அவளிடம் கேட்கிறார்கள். அவள் யாரிடமும் எதையும் கேட்டதில்லை.

"பௌரோ மாமா," என்றாள். குரல் கீச்சென்று வந்தது. மறுபடி சொன்னாள், மனியாபாவின் கடைசித் தூண்வரை கேட்கிற மாதிரி. "பௌரோ மாமா, நான் உங்ககிட்ட புபூசி கேக்கறேன்."

பின்னால் அத்தை "ஐயோ" என்றாள்.

"அப்பா பேரை அடிச்சிடுங்க. போன மாசத்திலேருந்தே அடிச்சிடுங்க. அன்னிக்கு நான் இங்க வந்து வாங்கினப்ப அவர் உயிரோட இல்ல. விடியறதுக்கு முன்னாடியே போயிட்டார். நான் தூங்கறார்னு பொய் சொன்னேன்."

பௌரோ பேனாவைக் கீழே வைத்தார். கண்ணாடியைக் கழற்றினார். பெரிய மூச்சு ஒன்று அவரிடமிருந்து வந்தது, மூட்டையை இறக்கி வைத்தவனின் மூச்சு.

"இதைக் கேக்க உனக்கு இத்தனை நாளாச்சா?"

"என்ன மாமா?"

"உங்கத்தை என்கிட்ட புபூசி கேட்டா. மூணு மாசம் பேரு இருக்கட்டும்னு. மச்சினி முறை. மாட்டேன்னு எப்படிச் சொல்றது? வீட்டுக்கு ரெண்டு தடவை வந்தேன், நீயாவது வேண்டாம்னு கேப்பியான்னு. நீ கேட்டா உன் பேச்சுக்குத்தானே மதிப்பு, நீ மகளாச்சே. நீ என்னடான்னா பேயைப் பாத்த மாதிரி உக்காந்திருந்த."

"சைக்கிள் கேட்டீங்களே!"

"என் டயர் வெடிச்சிடுச்சு, கேட்டேன்."

"வலை?"

"என் வலை கிழிஞ்சிடுச்சு." அவருக்குக் கோபம் வந்தது. "ஏன், மனுஷன் புபூசி கேக்கக்கூடாதா?"

அவர் நோட்டின் கடைசியிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்தார். சாவுச் சீட்டு. எழுதி, அனுப்பாமல் வைத்திருந்தது. டெகாபுவின் பேருக்கு நேரே சனிக்கிழமை என்று இருந்தது.

"வெள்ளிக்கிழமை பணம் வாங்கினது நீன்னு எனக்குத் தெரியும். அவன் எப்ப போனான்னும் தெரியும். தெருவில வரும்போதே உன் மூஞ்சி சொல்லிச்சு. அதனாலதான் ஒரு நாள் தள்ளி எழுதினேன், உனக்கு ஒண்ணும் ஆகக்கூடாதுன்னு. இப்ப நீயே நாலு பேர் முன்னால கத்திட்ட. என் கதி?"

காட்டிக்கொடுப்பார் என்று ஒரு மாதமாக யாரைக் கண்டு நடுங்கினாளோ, அவரை அவளே காட்டிக்கொடுத்துவிட்டாள். ரீட்டே சுற்றியிருந்த நாற்பது முகங்களையும் பார்த்தாள்.

தெற்குத் தூணடியில் இருந்த கிழவர் கையைக் காதில் குவித்தார். "என்ன பேசிக்கறாங்க? எனக்கு ஒரு வருஷமாக் காது மந்தம்."

"உனக்கு ஒரு வருஷம். எனக்குப் புருஷன் இருந்தப்பவே போச்சு," என்றாள் பக்கத்தில் டகேயாக் கிழவி.

"மழையைப் பத்தி என்னமோ பேசறாங்க," என்றார் இன்னொருவர்.

ஒரு நிமிடத்தில் மனியாபாவில் காது கேட்கிற ஆளே இல்லாமல் போனது. பௌரோ கண்ணாடியை மாட்டிக்கொண்டார். சனியை அடித்து வெள்ளி என்று எழுதினார். நீல நோட்டில் டெகாபுவின் பேர்மேல் கோடு போட்டார். ரீட்டே மஞ்சள் அட்டையைப் பாயில் வைத்தாள்.

"அறுபது டாலர் திருப்பிக் கட்டணும். அப்ப போலீஸ் வேலை இதில ஒண்ணும் இல்ல," என்றார் பௌரோ மெதுவாக.

"எங்கிட்ட இல்ல மாமா."

"கேளு."

அவளுக்கு உடனே புரியவில்லை. அவர் மோவாயால் வெளியே காட்டினார்.

"மாமா," என்றாள், "நான் உங்ககிட்ட புபூசி கேக்கறேன். எங்கப்பாவோட சைக்கிள்."

"பாலீஷ் காசு தருவியா?"

"தரமாட்டேன்."

"எடுத்துக்கிட்டுப் போ. டீச்சர் ஒருத்தர் அறுபதுக்குக் கேட்டுட்டிருந்தார்."

வெளியே அத்தை சைக்கிளின் அந்தப் பக்கம் நின்றிருந்தாள். கத்துவாள் என்று ரீட்டே எதிர்பார்த்தாள். கத்தவில்லை. "பீஸுக்கு என்னடி செய்வ?" என்றாள். குரல் உடைந்திருந்தது. பிங்கோவுக்காக அந்தக் குரல் உடையாது. "பன்னி இருக்கு அத்தை," என்றாள் ரீட்டே. ஹாண்டில்பாரை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு தள்ளினார்கள்.

பாதி வழியில் பின்னாலிருந்து டகேயாக் கிழவி கூப்பிட்டாள். மூச்சு வாங்க வந்து, ரீட்டேயின் கையைப் பிடித்துக்கொண்டு பொக்கை வாயால் சிரித்தாள்.

"ரீட்டே கண்ணு, புபூசி கேக்கறேன். உங்க வீட்டுப் பெரிய சட்டி."

ரீட்டே அந்த முகத்தையே உற்றுப் பார்த்தாள்.

"சட்டி எதுக்கு?"

"சோறு பொங்கத்தான். வேற எதுக்கு?"

"சாயங்காலம் வந்து எடுத்துக்கோங்க," என்றாள். ஆனாலும் கிழவி தன் வீட்டுச் சந்தில் திரும்பும்வரை, அவள் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறாளா என்று பார்த்துக்கொண்டே நின்றாள்.