அரக்கில் மறைந்த வெடிப்பு

ரங்கூன் ஆஸ்பத்திரியில் இரண்டு காலிலும் கட்டோடு கிடந்தார் துறைமுகக் குமாஸ்தா அகஸ்டின். சீமையிலிருந்து பெட்டிகளில் பாகம் பாகமாக வந்த ஆகாய விமானத்தைத் தானே பூட்டிப் பறந்தவர். கப்பலில் உடைந்துபோன இறக்கைச் சட்டத்துக்குப் பதிலாகச் சின்னத்தம்பி ஆசாரிதான் தேக்கில் ஒன்று இழைத்துக் கொடுத்திருந்தார். அதில் மயிரிழை அளவு வெடிப்பு இருந்தது. பீரோவுக்குச் செய்கிற வழக்கப்படி மரத்தூளையும் அரக்கையும் அடைத்துத் தேய்த்து மறைத்துவிட்டார். முதல் திருப்பத்திலேயே இறக்கை அங்கேதான் முறிந்தது.

உண்மையைச் சொல்லிவிடத்தான் ஆசாரி வந்திருந்தார். அவர் வாய் திறப்பதற்குள் அவர் கையை அகஸ்டின் பிடித்துக்கொண்டார்.

"மன்னிச்சிடுங்க ஆசாரியாரே. அருமையா செஞ்சு குடுத்தீங்க. ஓட்டத் தெரியாம நான்தான் ஒடிச்சுப்புட்டேன்."

"அதனால என்னங்க ஐயா, பரவாயில்லை" என்றது ஆசாரியின் வெட்கங்கெட்ட வாய்.