பிரகதீஸ்வரியின் ‘வாடா’

பக்கத்து வீட்டு மருமகள் பிரகதீஸ்வரி மாடி அறையில் உட்கார்ந்து “வாடா... வாடா...” என்று சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. நான் ஒட்டுக்கேட்கவில்லை. துணி காயப்போட எங்கள் மாடிக்குப் போயிருந்தேன். பக்கெட்டில் துணி இல்லை என்பது வேறு விஷயம். அவள் புருஷன் பரணிதரன் சிங்கப்பூரில். பின்னே இங்கே யாரைக் கூப்பிடுகிறாள்?

மாமியார் பூவம்மாளிடம் சொல்லாமல் இருக்க முடியுமா? இருவரும் மூச்சிரைக்க அவள் அறைக்கு ஏறினோம்.

“யாருடி அந்த வாடா?” என்றார் பூவம்மாள்.

“தண்ணி, அத்தை.”

“தண்ணியா?”

“ரஷ்யன்ல தண்ணிக்கு அதான் பேரு. ‘வா’வைக் கொஞ்சம் குறுக்கணும். வாய்க்கால்ல தண்ணி வரும்போது மாமா கரையில நின்னு ‘வாடா’ன்னு கூப்புடுறாப்புல நெனச்சுக்கிட்டேன், மறக்கல. இருமலுக்கு காஷெல். கஷாயத்த நெனச்சா வந்துரும். காலுக்கு நகா, கால் நகம்.”

“நல்லாருக்குடி. உம் மாமாவ ரஷ்யா வரைக்கும் இழுத்துட்ட.”

கும்பகோணத்தில் ஒரு டிராவல்ஸுக்கு ரஷ்யன் தெரிந்த வழிகாட்டி தேவையாம். ஞாயிற்றுக்கிழமை ஒரு வயதான தம்பதிக்குத் தாராசுரம் கோவிலைச் சுற்றிக் காட்ட வேண்டும். முதலாளி செல்லதுரை கூடவே இருந்து பார்ப்பார். தேறினால் வேலை. இல்லையென்றால் சென்னையிலிருந்து வேறு ஆள். வரலாறு எம்.ஏ. படித்துவிட்டு, கல்யாணமானதிலிருந்து தோசை மாவு புளித்த வரலாற்றை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவள், விடுவாளா?

ஞாயிற்றுக்கிழமை எனக்கும் தாராசுரத்தில் திடீரென்று ஒரு வேண்டுதல் வந்துவிட்டது.

தூண் தூணாக நன்றாகத்தான் சொல்லிக்கொண்டு வந்தாள். தேர் மண்டபத்தருகே அந்த ரஷ்யத் தாத்தா வெயில் தாங்காமல் படியில் சாய்ந்துவிட்டார். முகம் தக்காளி. தண்ணீர் வெளியே வேனில் இருந்தது. வேனைக் கைகாட்டி, வேண்டுமா என்று கேட்கக் குனிந்தாள். மாமனார் வயது, நரைத்த தாடி. பழகிய நாக்கு என்ன செய்யும்?

“வாங்க” என்றாள்.

காட்டிய கையைப் பார்த்து, நடக்கத்தான் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டார் போல. முழங்காலைப் பிடித்தபடி எழப் பார்த்தார்.

“என்னம்மா, மயங்குற மனுசன எங்க நடக்கச் சொல்ற?” செல்லதுரை போனை எடுத்தார். “சென்னைக்கே சொல்லிரட்டுமா?”

“வார்த்த தெரியும் சார். பெரியவங்க முன்னாடி வர மாட்டேங்குது.”

“அப்புடி என்ன வார்த்த?”

அவள் திரும்பி, தாத்தாவுக்கு எதிரே இரண்டு கையையும் கூப்பி, தலை குனிந்து, மிகுந்த மரியாதையோடு, “வாடா?” என்றாள்.

செல்லதுரைக்குத் தூக்கிவாரிப் போட்டது. தாத்தாவின் முகம் மலர்ந்தது. “டா! டா!” என்றார். பக்கத்தில் பாட்டியும், “டா, டா!”

“என்னம்மா இது, ஆளாளுக்கு டா போடுறீங்க?”

“ஆமான்னு சொல்றாங்க சார். தண்ணி வேணுமாம்” என்று சொல்லிக்கொண்டே வேனுக்கு ஓடினாள்.

தாத்தா பாட்டிலைக் காலி செய்யும்வரை செல்லதுரை பார்த்துக்கொண்டு நின்றார். போனைச் சட்டைப் பையில் போட்டார்.

“திங்கக்கெழம ஆபீசுக்கு வந்துரும்மா. ஒண்ணு மட்டும் பாத்துக்க. தமிழ் தெரிஞ்ச பெரியவங்க யாராச்சும் பக்கத்துல நின்னா, சைகையிலயே கேளு.”