ஐ.சி.யூ. பட்டியல்

கிறிஸ்டினாவுக்குக் கோவிலம்பாக்கத்தில் ஒரு மாடி ஆபீசில் வேலை. முகநூலில் ஜனங்கள் போடும் பதிவுகளைப் படித்து, ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஆதரவு, எதிர்ப்பு என்று குறிக்க வேண்டும். எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து எந்தத் தொகுதியில் யார் ஜெயிப்பார் என்று கம்ப்யூட்டர் சொல்லும். கேட்பதற்குப் பெரிய விஞ்ஞானம். கிட்டே போனால் ஊரார் வீட்டு ஜன்னலில் கண்ணை வைக்கிற பிழைப்பு.

பணம் கட்டிக் கேட்ட ஒரு வேட்பாளருக்குத் தோல்வி என்று வந்தது. ஒரே ஒரு வகைப் பதிவில் மட்டும் அவருக்கு ஆதரவு பிய்த்துக்கொண்டு போனது. துக்க வீடுகளில் அவர் மாலை போடும் படங்கள்! 'மறக்க மாட்டோம் அண்ணா' என்று கீழே நூறு பேர்.

மேலாளர் பத்ரி நாற்காலியை உருட்டிக்கொண்டே வந்தார்.

"மாலை மேட்டர் கண்டுபிடிச்சதுல க்ளையன்ட் செம ஹேப்பி, கிறிஸ்டினா. ஆனா சாவு தெரிஞ்சு கிளம்பினா மத்தவன் முந்திக்கறானாம். சீரியஸா இருக்கறவங்க லிஸ்ட் கேக்கறார். ஐ.சி.யூ., ப்ளட் வேணும், ப்ரே பண்ணுங்கன்னு போட்டிருப்பாங்கல்ல? ஃபோன் நம்பரோட எடுத்துடுங்க."

"சார், அவங்க உயிரோட இருக்காங்க."

"அதனாலதானே இதுக்குப் பேர் ப்ரெடிக்‌ஷன்," என்று சிரித்தார். தூ, அதுவும் ஒரு சிரிப்பு.

எழுந்து போயிருக்கலாம். அப்பா யேசுதாசன் தாம்பரத்தில் இருதய ஆபரேஷன் முடிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். கம்பெனி இன்ஷூரன்ஸை நம்பித்தான் எல்லாம். பல்லைக் கடித்துக்கொண்டு தேடினாள். இருபத்து மூன்று பேர் கிடைத்தார்கள். ஏழாவது வரியில் 'யேசுதாசன், பொழிச்சலூர்' என்று இருந்தது. தங்கை ரோஸி அப்பாவுக்கு ரத்தம் கேட்டு, வீட்டு விலாசத்தோடு போட்ட பதிவு.

அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அந்த வரியை அழித்தாள். மிச்சம் இருபத்திரண்டு பேரையும் அப்படியே அனுப்பினாள்.

மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை. தன் கையைப் பார்க்கவே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. நாலாம் நாள் மாடிப்படியில் நின்று பட்டியலின் முதல் எண்ணுக்குப் போன் போட்டாள். பம்மல் கங்கம்மா, புருஷனுக்காகப் பதிவு போட்டிருந்தவள். யாராவது கட்சிக்காரன் வந்தால் வாசலோடு திருப்பி அனுப்புங்கள் என்று சொல்லிவிட நினைத்தாள்.

"வீட்டுக்காரர் எப்படி இருக்காரும்மா?"

"நேத்து காலீல போய்ட்டாரும்மா," என்றாள் கங்கம்மா. "சொந்தக்காரங்க ஒருத்தர்கூட அப்போ வர்ல. அந்த அண்ணன்தான் மொத ஆளா மாலையோட வந்து நின்னாரு. எப்டித்தான் தெரிஞ்சுதோ, தெய்வம் மாரி. எங்க வூட்டுல ஆறு ஓட்டு கீது, ஆறும் அவருக்குத்தான். ஆமா, நீ யாரும்மா?"

உண்மையைச் சொன்னால் அந்த அம்மாவிடம் இருக்கிற ஒரே ஆறுதலையும் பிடுங்குவதாகும். கிறிஸ்டினா போனை வைத்தாள்.

மதியம் அந்த மாலைப் படம் அவளுடைய திரைக்கே வந்தது. கங்கம்மாவின் மகன் போட்டிருந்தான். ஆதரவு என்று குறித்தாள். பொய் ஒன்றுமில்லை, அந்த வீட்டில் ஆறு பேரும் அப்படித்தான் ஓட்டுப் போடப் போகிறார்கள். குறித்துவிட்டுக் கழிவறைக்கு ஓடி வாந்தியெடுத்தாள்.