நான்காவதாக இணைந்த போன்

நுஸ்கி நானாவின் கம்ப்யூட்டர் கடையில் அன்று முக்கால் மணிநேரம் நின்றேன். எனக்குப் பொறுமை கிடையாது என்பது நுவரெலியா டவுனுக்கே தெரியும். ஆனால் ரவுட்டர் இடியில் கருகி நான்கு மாதமாகிவிட்டது. வீட்டிலிருந்தபடி கொழும்புக் கம்பெனி ஒன்றின் வாடிக்கையாளர்களுக்குப் பதில் எழுதும் வேலை எனக்கு. போன் டேட்டாவை வைத்து எத்தனை நாள்தான் ஒப்பேற்றுவது?

கண்ணாடிக்குள் நான்கு அன்டெனாவோடு ஒன்று பளபளத்தது. அதைக் காட்டினேன்.

"அது ஒங்களுக்குச் சரிவராது தங்கச்சி. தோட்டத்து லயத்துச் சுவரு கருங்கல்லு. அஞ்சு கிகாஹேர்ட்ஸ் வேகமா ஓடும், ஆனா கல்லுக்குள்ளால போகாது. இந்தச் சின்னதை எடுங்க, சிம் போடுறது. மெதுவு, ஆனா சுவரைத் தாண்டும்."

"எவ்வளவு தூரம் எடுக்கும் நானா?"

"ஒங்கட பீலி வரைக்கும் போனா பெரிய விசயம்."

பீலி, அதுதான் லயத்து வரிசை வீடுகளுக்கெல்லாம் பொதுக்குழாய், எங்கள் வாசலிலிருந்து முப்பது அடி. நான் கொண்டுபோன லப்டொப்பைத் திறந்து பார்த்த நானா, உள்ளே இருந்த வைஃபை கார்டு செத்துவிட்டது என்றார். அதை மாற்றுவதைவிட வெளியே செருகும் யூஎஸ்பி கார்டுதான் லேசு என்று, குட்டி அன்டெனா வைத்த ஒன்றைத் தந்தார். கிளம்பும்போது ஒரு யோசனையும் சொன்னார்.

"பழைய பேரையும் பழைய பாஸ்வேர்டையுமே போடுங்க. வீட்டுல இருக்கிற போனெல்லாம் தானா வந்து ஒட்டிக்கும்."

அப்படியே செய்தேன். பழைய பெயர் 'சிடுமூஞ்சி'. அது என் தம்பி திலக்ஷன் எனக்கு வைத்த பட்டம். ரவுட்டர் கருகிய அந்தப் பெருமழை நாளில், பின்னேரம் நான்கு மணிக்கு, கீழ் லயத்துச் சனங்களை மேட்டுக்கு ஏற்றிவிடப் போனவன் மேல் மலை சரிந்து இறங்கியது. மற்றவர்கள் கிடைத்தார்கள். அவனும் அவன் போனும் கிடைக்கவில்லை.

ஆள் கிடைக்காத வீட்டில் கருமாதி முடியும்வரை பின்னேரத்தில் கதவைத் தாழ்போடமாட்டார்கள். வராதவருக்கென்று ஒரு கோப்பை சாயத்தண்ணி, பால் விடாத தேநீர், எடுத்து வைப்பார்கள். நான்கு மாதமாக அம்மா அந்தக் கோப்பையையே பார்த்துக்கொண்டு, தன் கோப்பையைக் குடிக்காமல் ஆறவிட்டாள். விட்டால் இவளையும் இழந்துவிடுவேன் என்று பயந்து, கத்தி, சண்டை பிடித்து, வருகிற ஞாயிறு கருமாதி என்று சம்மதிக்க வைத்தது நான்தான்.

புதன்கிழமை புது ரவுட்டர் வேலை செய்தது. எத்தனை இணைந்திருக்கின்றன என்று போனில் பட்டியலைப் பார்த்தேன். லப்டொப், என் போன், அம்மாவின் போன். சரியாக நான்கு மணிக்கு நான்காவது பெயர் வந்தது. 'திலக்ஷன்'. ஒரே ஒரு கோடு சிக்னல்.

ஏதோ பழைய பதிவு, சனியன், என்று திட்டிவிட்டு மூடினேன்.

வியாழன் நான்கு மணிக்கு இரண்டு கோடு. வெளியே போனேன். பீலியில் ஒருவரும் இல்லை. பனிமூட்டத்துக்குள் குழாய் மட்டும் திறந்தபடி ஓடிக்கொண்டிருந்தது. மூடிவிட்டு வந்தேன். வரும்போது திரும்பிப் பார்க்கவில்லை.

வெள்ளி மூன்று கோடு. நானாவுக்குப் போன் எடுத்தேன்.

"யாரோ அந்தப் போனைக் கண்டெடுத்துப் பாவிக்கிறாங்க போல. பாஸ்வேர்டை மாத்துங்க தங்கச்சி. புதுசை யாராவது கையால அடிச்சாத்தான் திரும்ப வரும்."

அம்மாவுக்குத் தெரிந்தால் ஞாயிறு நடக்காது. எனக்குக் கோபம் வந்தது. அவன் பதினாறு நாளுக்குள் வந்திருக்கக்கூடாதா? நாங்கள் அழுது முடித்த பிறகா வருவது? புதுப் பாஸ்வேர்டாக இங்கிலிஷ் எழுத்தில் 'வராதேடா' என்று அடித்தேன். நான்காவது பெயர் அழிந்தது. லப்டொப்பிலும் என் போனிலும் அம்மாவின் போனிலும் நானே புதுசை அடித்தேன். நான்கு மாதத்தில் முதல்முறையாகக் கதவைத் தாழ்போட்டேன்.

மறுநாள் பின்னேரமும் தாழ்போட்டுத்தான் இருந்தது. அம்மா கொழுந்து பறிக்கும் மலையிலிருந்து நேரத்தோடு வந்து அடுப்படியில் இருந்தாள். மூன்று கோப்பை எடுத்து வைத்தாள். நான் பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தேன். மூன்று பெயர்தான். மணி நான்கு அடித்தது.

நான்காவது பெயர் வந்தது. முழுச் சிக்னல்.

முழுச் சிக்னல் வீட்டுக்குள் இருக்கும் போனுக்குத்தான் வரும். இல்லையென்றால் கதவோடு ஒட்டி நிற்க வேண்டும். அந்தப் பாஸ்வேர்டை நான் ஒருவருக்கும் சொல்லவில்லை, எங்கும் எழுதவும் இல்லை. வராதேடா என்று ஒவ்வொரு எழுத்தாகத் தன் கையால் அடித்துவிட்டுத்தான் அவன் வந்திருக்க வேண்டும்.

"அம்மா, நாளைக்குக் கருமாதி வேணாம்மா."

அம்மா ஏன் என்று கேட்கவில்லை. மூன்றாவது கோப்பையில் சாயத்தண்ணியை ஊற்றினாள்.

"கதவத் தொறந்து விடு பாப்பா. நேத்தும் பூட்டித்தான வச்சிருந்த."

எழுந்து போய்த் தாழ்ப்பாளை எடுத்தேன். கதவை இழுக்கும் முன், பலகையில் வாயை வைத்து, மெதுவாக, "வாடா" என்றேன்.