மனைவியின் பெயர் கொண்ட சிலந்தி

அருங்காட்சியகத்தின் பின்கட்டில், சன்னல் இல்லாத அறையில் உட்கார்ந்து சிலந்திகளுக்கு உறவுமுறை பார்ப்பதுதான் அவர் வேலை. எது எதற்குப் பங்காளி, எது வெறும் முகச்சாடை மட்டும் உள்ள அந்நியம் என்று பிரித்து வைப்பார். கூட வேலை பார்ப்பவர்கள் அவரைக் கல்யாணத் தரகர் என்று கூப்பிட்டார்கள். சொந்தபந்தங்களோடு பேச்சுவார்த்தை அற்றுப்போன ஆளுக்கு நல்ல பட்டம்தான்.

வலை பின்னாமல் இரவெல்லாம் காட்டில் அலைந்து இரை பிடிக்கும் சிலந்திகள் அவர் பிரிவு. அவற்றில் ஒன்றைப் புதிய இனம் என்று அவரே கண்டு சொல்லி, மனைவியின் பெயரை வைத்திருந்தார். கிடைத்தது ஒரே ஓர் ஆண். பெண் அகப்படவே இல்லை. மனைவிக்கோ சிலந்தி என்றாலே குலை நடுங்கும். "ஒரு தோடு வாங்கித் தர துப்பில்ல, பூச்சிக்கு எம் பேர வச்சிட்டு வந்து நிக்கிறாரு" என்று வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவாள். சொல்லும்போது முகத்தில் பெருமை வழியும்.

அவள் போய்ச் சேர்ந்த பிறகு மதியச் சாப்பாட்டை அந்த ஆண் சிலந்தி இருந்த புட்டிக்கு எதிரில் வைத்துச் சாப்பிடப் பழகிக்கொண்டார். ஸ்பிரிட்டில் மிதக்கும் சிலந்தியிடம் உப்பு தூக்கல் என்று சொன்னால் அது சண்டைக்கு வராது. அதுதான் குறை.

இந்த மழைக்காலத்தில் காட்டுக்குப் போன குழு, ஒரே மரப்பட்டைக்கடியில் பிடித்த ஒரு ஜோடியைக் கொண்டுவந்தது. ஆண், அவர் பெயர் வைத்த இனமேதான். பெண்ணோ, அவர் பிறக்கும் முன்பே யாரோ வேறு பெயர் வைத்து, வேறு கிளையில் சேர்த்துவிட்ட பழைய இனம். இரண்டும் ஒரே இனம் என்றால் முதலில் வைத்த பெயர்தான் நிற்கும்.

இரண்டிலும் ஒவ்வொரு காலைக் கழற்றி, வெறுமனே ஒன்று, இரண்டு என்று எழுதி மரபணுக் கூடத்துக்கு அனுப்பினார். அங்கிருந்த பெண் போனில் கூப்பிட்டாள்.

"ரெண்டும் ஒரே இனம்தான் சார், சந்தேகமே இல்ல. என்ன சிலந்தி சார் இது?"

"சும்மா ஒரு சரிபார்ப்பும்மா" என்று வைத்துவிட்டார்.

வாயைத் திறக்காவிட்டால் ஈ காக்காய்க்குத் தெரியாது. ஆனால் புட்டிக்கு எதிரில் உட்கார்ந்தால் சோறு இறங்கவில்லை. பருவம் வந்த ஆண் சிலந்தி பெண்ணைத் தேடி அலைந்தே செத்துப்போகும் பிராணி. தேடி வந்த வழியில் அதைப் பிடித்து, வேறு கிளைக்குத் தத்துக் கொடுத்து, தனிப் புட்டியில் அடைத்துவைத்த புண்ணியவான் அவர்தான்.

வெளியூரில் இருக்கும் மகளைக் கூப்பிட்டு, அம்மா பெயர் போய்விடும் போலிருக்கிறது என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னார்.

"அம்மா இருந்திருந்தா, 'விட்டுச்சு சனி'ன்னு தலை முழுகியிருப்பாப்பா."

இருவரும் சிரித்தார்கள். மகளின் சிரிப்பு பாதியில் மூக்குறிஞ்சலாக மாறியது.

"உண்மைய எழுதிடுங்கப்பா. அவளுக்குச் சிலந்தியும் ஆகாது, புளுகும் ஆகாது."

எழுதினார். பழைய பெயர் மேலே. மனைவியின் பெயர் அதற்குக் கீழே, செல்லாத பெயர்களுக்குரிய சின்ன எழுத்தில். அங்கிருந்து அதை யாரும் அழிக்க முடியாது. யாரும் இனி கூப்பிடவும் மாட்டார்கள்.

பிறகு புட்டியை இரு கையாலும் பிடித்துக்கொண்டு சேகரிப்புக் கூடத்தின் மறுகோடிக்குப் போய், அந்தப் பெண் சிலந்தியின் புட்டிக்குப் பக்கத்தில் வைத்தார். தரகருக்கு இந்த ஒரு சம்பந்தமாவது கூடிவந்தது.

மறுநாள் மதியம் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்தார். எதிரே அலமாரியில், புட்டி இருந்த இடத்தில் மட்டும் தூசி இல்லாமல் ஒரு வட்டம் தெரிந்தது.

"இன்னைக்கும் உப்பு தூக்கல்தான்" என்று அதனிடம் சொல்லிவிட்டுச் சாப்பிட்டார்.